லேமினேட் ஆன்டியும் முப்பத்திரண்டு ஹாக்கிக்காரர்களும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எந்த வீட்டு அலமாரியிலாவது கிழியாமல், கசங்காமல், கறையான் அரிக்காமல் ஒரு காகிதம் இருந்தால், அது லேமினேட் ஆன்டியின் கைக்கு ஒருமுறையாவது போய் வந்த காகிதம் என்று அடித்துச் சொல்வேன். அவரிடம் சிக்காமல் தப்பித்தவை அந்தத் தெருவில் இரண்டுதான். தலைக்கு மேலே ஓடும் மோனோரெயில் ஒன்று. சாப்பாட்டுக் கடைப் பூனை இன்னொன்று. இரண்டும் ஒரு இடத்தில் நிற்காததால் பிழைத்தன.

பூமாலைக் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவருடைய கடை. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் முதலாமவர் வெளியே போக வேண்டும். பலகையில் 'போட்டோகாப்பி, பாஸ்போர்ட் படம்' என்று மட்டும் எழுதியிருக்கும். லேமினேஷன் என்ற சொல் அதில் கிடையாது. அது அவருக்கு வியாபாரம் இல்லை. நாம் கேட்டால் காசு வாங்குவார், கேட்காமல் அவராகச் செய்தால் இலவசம். கேட்காமல் செய்ததுதான் அதிகம்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஆனால் பிறக்கும்போதே ஆன்டியாகப் பிறந்தவர் போன்ற ஒரு தோரணை. மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும், இன்னொன்று மூக்கில் இருக்கும். இயந்திரத்தை 'இவன்' என்பார். "கொஞ்சம் இரு தம்பி, இவன் இன்னும் சூடாகலை" என்றால், வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறார் என்று புதியவர்கள் பயந்துவிடுவார்கள்.

கடைச் சுவர் முழுக்க அவருடைய கைவண்ணம்தான். பழைய பஸ் டிக்கெட், காய்ந்த மல்லிகைப்பூ ஒன்று, கறிவேப்பிலைக் கொத்து, யாரோ விட்டுப்போன மருந்துச் சீட்டு. ஒரு கொசுவும் இருந்தது. நான் அதைக் காட்டிக் கேட்டபோது, "அது தானா வந்து விழுந்துச்சு லா. நான் கூப்பிடலை" என்றார்.

ஒருமுறை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று திருமணச் சான்றிதழை நகல் எடுக்க வந்தது. நகலும் கிடைத்தது, அசலும் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் போய்த் திரும்பி வந்தது. விசா அலுவலகத்தில் அதைத் தொடக்கூட மறுத்துவிட்டார்கள். மறுநாள் இரண்டு பேரும் வந்து சத்தம் போட்டார்கள். ஆன்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒரே மாதிரி திட்டுறீங்க. ஒத்துமையாத்தான் இருக்கீங்க. போயி பக்கத்துக் கடையில சாப்பிடுங்க, இன்னிக்கு மீன் நல்லா இருக்கு."

அவர்கள் சாப்பிடத்தான் போனார்கள்.

இன்னொரு பையன் ராஜினாமாக் கடிதத்தை நகல் எடுக்க வந்தான். மேனேஜர்மேல் அவ்வளவு கோபம். ஆன்டி அந்தக் கடிதத்தையும் விடவில்லை. பிளாஸ்டிக்கில் பேனா எழுதாததால் மேனேஜரால் கையெழுத்துப் போட முடியவில்லை. வேறு கடிதம் எழுதலாம் என்று நினைப்பதற்குள் ஒரு வாரம் ஓடியது, கோபமும் ஓடிவிட்டது. இன்று அவன் அதே அலுவலகத்தில் கிளைத் தலைவன். தீபாவளிக்குத் தீபாவளி ஆன்டிக்கு முறுக்கு டின் வரும். கடிதம் அவன் மேஜைமேல் இருக்கிறதாம், சுடுகாப்பி டம்ளர் வைக்கத் தோதாக.

இப்படிப்பட்டவரிடம் நான் என் ஹாக்கி அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றால், என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கிள்ளானில் வளர்ந்தவன். தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு சுவிங்கம் வந்துகொண்டிருந்தது. மெழுகுத்தாளைப் பிரித்தால் இளஞ்சிவப்பில் ஒரு பலகை, ஓடு மாதிரிக் கெட்டியாக, மேலே வெள்ளை மாவு தூவி. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஹாக்கிக்காரர். மொத்தம் முப்பத்திரண்டு பேர். அந்த நாளில் எங்களுக்கு ஹாக்கிதான் எல்லாம். பள்ளித் திடலில் குச்சி கிடைக்காதவன் தென்னை மட்டையை வைத்து ஆடினான். சுவிங்கத்தை இரண்டு நிமிடம் மெல்லலாம், அதற்குமேல் தாடை வலிக்கும். அட்டையை மட்டும் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வோம். அந்த இனிப்பு வாசனை சட்டையில் இருந்து, தலையணைக்குப் போய், கனவுக்குள்ளும் வந்துவிடும்.

மத்தியானம் பள்ளி விட்டதும் மளிகைக் கடையின் பக்கச் சுவர்தான் எங்கள் மைதானம். அட்டையைச் சுவரில் தோள் உயரத்தில் வைத்துக் கையை எடுப்போம். அது மிதந்து மிதந்து கீழே இறங்கும். கிடக்கிற அட்டைமேல் விழுந்தால் இரண்டும் நமக்கு. ஒரு அட்டை சுவரிலிருந்து தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடிகூட ஆகாது. எனக்கு ஞாபகத்தில் இருக்கும் அந்த மத்தியானங்களில் அது இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தூரத்தில் ரொட்டிக்காரரின் மணி கேட்கிறது, மழை வரும்போல் இருட்டுகிறது, யாரும் மூச்சு விடவில்லை.

ஒன்றாம் நம்பர் கோல்கீப்பர். யாருக்கும் லேசில் கிடைக்காதவர். காலில் பெரிய மெத்தை கட்டி, தலைக்கவசம் இல்லாமல், முன்பல் ஒன்று போன வாயோடு சிரித்துக்கொண்டிருப்பார். 'ஓட்டைப்பல்' என்று பெயர் வைத்திருந்தோம். நான்காம் வகுப்பில் அவரை நான் ஜெயித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் பூச்சோங்குக்கு மாறியபோது, பிஸ்கட் டின் ஒன்றில் என்னுடைய இருபத்தேழு பேரும் கிடைத்தார்கள். மேலே ஓட்டைப்பல். ஐம்பது வயதில், காலி வீட்டின் தரையில் உட்கார்ந்து, அட்டையை முகர்ந்து பார்த்தேன். வாசனை போய்விட்டது. ஆனால் மூக்குக்கு அது தெரியவில்லை. 'என்னங்க, லோரி வந்துருச்சு' என்று மனைவி மூன்றுதரம் கூப்பிட்டாளாம்.

பள்ளி நண்பர்கள் கூடுகிற ஒரு விருந்து வந்தது. ஓட்டைப்பல்லைப் பெரிதாக நகல் எடுத்து மேடையில் வைக்கலாம் என்று தோன்றியது. ஆன்டியின் கடைக்குப் போய் அட்டையை நீட்டினேன். போனில் அழைப்பு வந்தது. வெளியே நின்று இரண்டு நிமிடம் பேசினேன். திரும்பும்போது அந்த இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது.

"ஆன்டி, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. உடுப்புப் போட்டு விட்டேன்."

ஓட்டைப்பல் சூடாக என் உள்ளங்கையில் வந்து விழுந்தார். நாற்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தவர். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஆன்டி குனிந்து, அட்டையோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்டா, நல்லா இருக்கியா? முட்டி வலி எப்படி இருக்கு?"

எனக்குக் கோபம் மறந்துபோய்ப் பயம் வந்தது.

ஆன்டி கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு கொத்தை எடுத்தார். ராஃபியா கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, சாவிக்கொத்து மாதிரி. முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். என் வாழ்நாளில் முழுத் தொகுப்பை அன்றுதான் பார்த்தேன்.

"ஒண்ணாம் நம்பருக்கு ரெண்டு முட்டியும் போச்சு தம்பி. அப்போ அவ்வளவு பந்து வாங்கினான்ல. இப்போ மாடி ஏற மாட்டான். மகன் வீட்டுல கீழ் ரூம்புல படுத்துக்குறான்."

"உங்களுக்கு இவரைத் தெரியுமா ஆன்டி?"

"நேர்ல பாத்தது இல்லை."

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் சிறுமியாக இருந்தபோது ஆன்டி இந்த முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாழ்க்கை கற்பித்திருந்தார். பொழுதுபோகாத பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். நாம் பன்னிரண்டு வயதில் அதை விட்டுவிடுகிறோம். ஆன்டி விடவில்லை. அவர்களும் அவரோடு சேர்ந்து வளர்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், வீட்டுக் கடன் கட்டினார்கள், தலை நரைத்தார்கள். அட்டையில் இருபத்திரண்டு வயதில் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பவருக்கு ஆன்டியிடம் சர்க்கரை வியாதி. மூன்றாம் நம்பருக்குப் போன வாரம் கண் ஆபரேஷன். ஒன்பதாம் நம்பர் கோபக்காரன், சம்பந்தி வீட்டோடு பேச்சு இல்லை. இருபதாம் நம்பரின் மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள்.

இதையெல்லாம் அவர் நகல் எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், சாதாரணமாகச் சொல்வார். கேட்டுக்கொண்டு நின்றால் வெளியே பஸ் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். பூமாலைக் கடையிலிருந்து சாம்பிராணிப் புகை உள்ளே வரும். அந்த முப்பத்திரண்டு பேரும் எங்கோ செராஸிலும் கிள்ளானிலும் கையில் தடியோடு, காலைப் பனியில், பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போவது எனக்கே தெரிய ஆரம்பித்தது.

ஓட்டைப்பல்லைப் பற்றிச் சண்டை போட மறந்தே வீடு திரும்பினேன்.

சண்டை போட வேறு ஒருவர் வந்தார். வள்ளியப்பன் அண்ணன். கணக்காய்வாளர், கிள்ளான்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். பழைய ஹாக்கி அட்டை சேர்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அதில்தான் பழக்கமானோம். நான்கு ஆல்பம் வைத்திருந்தார். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் பக்கத்தைத் திருப்புவார். யாராவது கிட்டே குனிந்தால், "அண்ணே, மூச்சு, மூச்சு" என்பார். நம் மூச்சில் இருக்கும் ஈரம் அட்டைக்கு ஆகாதாம்.

எங்கள் முப்பத்திரண்டில் அவரிடம் முப்பது பேர் இருந்தார்கள். பதினெட்டும் இருபத்தாறும் இல்லை. ஆன்டியிடம் முழுத் தொகுப்பு இருக்கிறது என்று நான் உளறிவிட்டேன். அடுத்த ஞாயிறு காலையில் முதல் ரயிலில் வந்து இறங்கினார். ஆன்டி கயிற்றுக் கொத்தை எடுத்துக் கல்லாமேல் தொப்பென்று போட்டார். வள்ளியப்பன் அண்ணன் நாற்காலியைத் தேடினார்.

"ஆன்டி, இது கொலை லா."

"யாரு செத்தா?"

"கார்டு செத்துப்போச்சு. பிளாஸ்டிக்ல போட்டுச் சூடு வச்சா அதோட மூச்சு நின்னுரும். அதுல ஓட்டை வேற போட்டிருக்கீங்க."

"அது மூச்சு விட்டு என்ன பண்ணப் போவுது ஆடிட்டர் தம்பி? ஆபீஸ் போவுதா?"

"உலகத்துல எந்தக் கலெக்டரும் இதைத் தொட மாட்டான்."

"யாரு தொடச் சொன்னா? நான் தொட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

வள்ளியப்பன் அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். ஆனால் பதினெட்டாம் நம்பரைப் பார்க்காமல் போகவும் முடியவில்லை. கயிற்றை இரண்டு விரலால் தூக்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் பார்த்தார். பதினெட்டு தலைப்பாகை கட்டியவர், குனிந்து பந்தை வெட்டப் போகிறார். நாற்பது வருடம் தேடிய முகத்தை முதன்முதலாகப் பார்த்த வள்ளியப்பன் அண்ணன் ஒரு சிறு பையனைப் போல வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

"நல்ல மனுசன்" என்றார் ஆன்டி. "தோட்டம் போட்டிருக்கான். பாவக்காய் காய்ச்சுத் தொங்குது."

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார். ஆல்பத்தைக் கடைக்கு உள்ளே கொண்டுவர மாட்டார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தூரத்து மேஜையில், அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்காருவார். ஒருமுறை ஆன்டி சாப்பாட்டைப் பொட்டலமாகத் தப்பாவ் வாங்க அங்கே வந்தபோது, ஆல்பத்தைச் சட்டைக்குள் செருகியதை நானே பார்த்தேன்.

இருவருக்கும் ஓயாத வழக்கு. வள்ளியப்பன் அண்ணனிடம் உண்மைகள் இருந்தன. யார் எத்தனை கோல் போட்டார், எந்தப் போட்டியில் காயம்பட்டார், எல்லாம் விரல்நுனியில். ஆன்டியிடம் அது எதுவும் இல்லை.

"ஏழாம் நம்பருக்குக் கல்யாணமே ஆகலை ஆன்டி. பேப்பர்ல வந்திருக்கு."

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? பொண்ணு பாத்ததே நான்தான்."

"எப்போ?"

"நான் ஃபார்ம் டூ படிக்கும்போது."

வள்ளியப்பன் அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் தேநீரைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காததுபோல, "பொண்ணு எந்த ஊரு?" என்று மெதுவாகக் கேட்பார்.

இப்படியே மூன்று வருடம் போயிற்று.

பிறகு ஒரு வருடக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. கிள்ளானில் வள்ளியப்பன் அண்ணனின் தாமான் குடியிருப்பு தாழ்வான இடம். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வெளியே லோங்காங் சாக்கடை நிரம்பி, தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக உள்ளே ஏறியது. மனைவி சிரம்பானில் மகள் வீட்டில் இருந்தார். இவர் தனி ஆள். அரிசியைத் தூக்காமல், தொலைக்காட்சியைத் தூக்காமல், முதலில் ஆல்பங்களைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்திருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. படகில் வந்தவர்கள் ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் போன பிறகு பலகை ஊறி, உப்பி, அலமாரியே ஆல்பங்களோடு முகம் குப்புற விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வடிந்ததும் நான் போனேன். தெரு முழுக்கச் சேறு, நனைந்த மெத்தைகள், வாசல்தோறும் கவிழ்ந்த நாற்காலிகள். வள்ளியப்பன் அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆல்பம். பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே கட்டியாக இருந்தது. கையில் அந்த வெள்ளைக் கையுறை, மண் நிறத்தில்.

"பிரிக்க வரலை தம்பி" என்றார். "பிரிச்சா தோல் மாதிரி உரியுது."

வீட்டைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். நானும் தள்ளினேன், துடைத்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. யாரோ உணவுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் ஆல்பத்தின்மேல் வைக்காமல் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை ஆன்டியிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பயம். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

ஆன்டி இயந்திரத்தை அணைத்தார். வரிசையில் நின்ற இரண்டு பேரிடம், "நாளைக்கு வாங்க பாஸ்" என்றார். கடையை மூடினார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவு மூடியதைப் பூமாலைக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். ஆன்டியிடம் பெரிய பை. உள்ளே துணி காயப்போடும் கிளிப்புகள், பழைய காலண்டர் தாள்கள், வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தி.

வள்ளியப்பன் அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். ஆன்டியைக் கண்டதும் எழ முயன்றார்.

"உக்காரு. பெரிய பேசின் இருக்கா?"

இருந்தது. நல்ல தண்ணீர் பிடித்து, ஆல்பங்களை ஒவ்வொன்றாக அப்படியே அதில் மூழ்கவைத்தார். வள்ளியப்பன் அண்ணன் முனகினார்.

"மறுபடியும் தண்ணியா ஆன்டி?"

"ஊற வச்சாத்தான் விடும். அது சேத்துத் தண்ணி. இது நல்ல தண்ணி."

மத்தியானம் முழுவதும் மூன்று பேரும் பேசினைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ஆன்டி கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தார். பாதிக்குமேல் கூழாகிவிட்டது. நான்கு ஆல்பத்தில், பிழைத்த அட்டைகள் இரண்டு கைகளில் அடங்கின. அவற்றிலும் முகங்கள் இல்லை. படம் கரைந்து, வெளுத்த தாளில் எங்கோ ஒரு கை, எங்கோ ஒரு குச்சியின் வளைவு.

"இது யாருன்னே தெரியலை" என்றார் வள்ளியப்பன் அண்ணன். ஒவ்வொரு அட்டையின் எண்ணையும் ஓர அளவையும் குறித்து வைத்திருந்த மனிதர். அதை ஆன்டியிடம் நீட்டினார். "இப்ப இது வெறும் அட்டை."

ஆன்டி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"காலைப் பாரு. ஒரு சாக்ஸ் கீழ எறங்கியிருக்கு. பதினாலு. இவனுக்கு சாக்ஸ் நிக்கவே நிக்காது. பொண்டாட்டிதான் ரப்பர் போட்டு விடுவா."

கிளிப்பில் மாட்டினார். அடுத்ததை எடுத்தார்.

"முழங்கையை இப்படித் தூக்கிப் பிடிக்கிறவன் ஒருத்தன்தான். இருபத்தொண்ணு. வாத்தியார் வேலை. போன வருசம் ரிட்டயர் ஆனான். வீட்டுல சும்மா இருக்க முடியலைன்னு கொடி கட்டுற கயித்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறான்."

இப்படி ஒவ்வொன்றாக. கொடியில் முகமில்லாத தாள்கள் வரிசையாகத் தொங்கின. காற்றில் அவை லேசாக ஆடின. மழை விட்டு வெளுத்த வெயில் அவற்றின் ஊடாக வந்தது. ஆன்டி சொல்லச் சொல்ல, வெறும் வெள்ளையில் மூக்கும் மீசையும் திரும்ப ஏறுவதுபோல் எனக்கு இருந்தது. எதிர்வீட்டுக்காரர் சேறு தள்ளுவதை நிறுத்திவிட்டு, துடைப்பத்தின்மேல் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராம் நம்பரின் மாமியார் கதை வந்தபோது அவர் சிரித்தார். இரண்டு நாளில் அந்தத் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று பிறகு சொன்னார்.

வள்ளியப்பன் அண்ணன் கையுறையைக் கழற்றினார். நனைந்த விரல்களைச் சட்டையில் துடைத்தார். உள்ளே போய் எங்கிருந்தோ ஒரு பென்சில் தேடிக்கொண்டுவந்தார். காய்ந்த தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். கோல் கணக்கு இல்லை. 'பதினாலு. சாக்ஸ் நிற்காது. மனைவி ரப்பர் போட்டு விடுவார்' என்று இருந்தது.

கடைசியில் ஒரு தாள். அதில் ஒன்றுமே இல்லை. கை, கால், குச்சி, எதுவும் இல்லை. ஆன்டி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு ஆன்டி?"

"தெரியலை."

ஆன்டி தாளை என்னிடம் நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றார் ஆன்டி. "இவனையும் காயப் போடு."

வெயில் சாய்ந்தபோது வள்ளியப்பன் அண்ணன் என்னிடம் கேட்க வெட்கப்பட்டு, ஆன்டியிடமும் கேட்க வெட்கப்பட்டு, கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாத்தையும் லேமினேட் பண்ணிருங்க ஆன்டி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூன்று வருடம் சண்டை போட்டவர் முதல்முறையாகத் தானாகக் கேட்கிறார். ஆன்டி தலையை ஆட்டினார்.

"இப்ப வேணாம். உள்ள ஈரம் இருக்கறப்போ மூடினா பூஞ்சை புடிச்சிரும். நல்லாக் காயட்டும். அவசரம் இல்லை."

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. ஆன்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. வெளியே வயல்போலத் தேங்கிய தண்ணீரில் அந்திச் சிவப்பு கூடவே ஓடி வந்தது. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏன் ஆன்டி எல்லாத்தையும் லேமினேட் பண்றீங்க?"

இதற்கு முன் யார் கேட்டாலும் அவர் ஆளுக்கொரு பதில் சொல்லுவார். கறையான், எலி, அரசாங்கம் என்று. அன்று களைப்பாக இருந்தார்.

"இப்ப இருக்கறது ரெண்டாந்தரம் சேத்தது. மொதல்ல வச்சிருந்த கார்டு எல்லாம் எங்கம்மா கரி அடுப்பு பத்த வைக்க எடுத்துட்டாங்க. மழை நாளு, வெறகு நனைஞ்சிருந்துச்சு. அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்லை, நாங்க ஏழு பேரு சாப்பிடணும். பச்சையும் நீலமுமா எரிஞ்சுச்சு. சாயம்ல. பாக்க அழகா இருந்துச்சு, தம்பி. அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

அதற்குப் பிறகு தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டார். சென்ட்ரல் நிலையம் வந்ததும் எழுப்பினேன். "எட்டாம் நம்பர் வந்துட்டானா?" என்று தூக்கத்தில் கேட்டார். "வந்துட்டார் ஆன்டி" என்றேன்.

போன வருடம் அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கப்போவதாகச் சொல்லி, மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆன்டி ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினார். இப்போது மகளின் தாமானில் எத்தனை தண்ணீர்க் கட்டண ரசீதுகள் பளபளக்கின்றனவோ தெரியாது. வள்ளியப்பன் அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ போகிறார். கணக்கு வேலை என்கிறார். அங்கே அவருக்கு ஒரு வாடிக்கையாளரும் கிடையாது.

எனக்கு ஆன்டி போன் செய்வார். பேச்சை நீட்டுபவர் இல்லை. "நல்லா இருக்கியா? சரி" என்று வைத்துவிடுவார். கிள்ளான் பக்கம் மழை என்று தெரிந்தால் மட்டும் வேறு ஆள். தண்ணீர் ஏறுகிறதா, ஆடிட்டர் வீட்டில் எல்லாம் மேலே இருக்கிறதா, உன் டின் எங்கே இருக்கிறது, முப்பத்திரண்டு பேரில் யாருக்குச் சளி, யார் குடையை மறந்து போனான் என்று அரைமணி நேரம் விடமாட்டார்.

போன வாரம் மத்தியானம் அழைப்பு வந்தது.

"நல்லா இருக்கியா தம்பி? அங்க மழையா?"

ஜன்னலுக்கு வெளியே பூச்சோங் முழுக்க வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் மனைவி போட்ட துணிகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன.

"ஆமா ஆன்டி," என்றேன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "நல்ல மழை."